வண்டன்மேட்டில் எழாது, கம்பத்தில் எழும்: ஒரு பழைய லேப்டாப்பின் பவர் கோளாறு

என் மேசைக்கு வருவதற்கு முன்பே இந்த லேப்டாப்புக்கு இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. மேலே கேரள மலையில், வண்டன்மேடு பக்கம் ஒரு கடையில், "மதர்போர்டு போயிடுச்சு, மாத்துறதுக்குப் பதிலா பழைய லேப்டாப் வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். கீழே தமிழ்நாட்டுப் பக்கம், கம்பத்தில் ஒரு கடையில் பித்தானை அமுக்கியதும் ஓடியிருக்கிறது. அரைநாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கடைக்காரர்களுமே கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். மேலே எழாத லேப்டாப் கீழே இறங்கினால் எழுகிறது என்றால், அந்த வித்தியாசத்துக்குள்தான் காரணம் இருக்க வேண்டும்.

ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின், அதாவது பச்சைக்காயை உலர்த்துகிற இடத்தின், கணக்கு லேப்டாப் இது. 2012 வாக்கில் வந்த, அலுவலகங்களுக்கென்று செய்த கனமான மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், இடையில் யாரோ மாற்றிப் போட்ட எஸ்எஸ்டி, பின்பக்கம் கழற்றி மாட்டுகிற ஆறு செல் பேட்டரி. அடாப்டர் 19.5 வோல்ட், 90 வாட். சார்ஜர் முனையின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும் வகை. அந்த ஊசி வழியாகத்தான் அடாப்டர் தன்னை லேப்டாப்பிடம் அடையாளம் காட்டும். அது பின்னால் வரும்.

கணக்குப் பார்ப்பவர் கம்பத்துக்காரர். பல வருடமாகக் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி ஜீப்பில் போய்வருகிறவர். அவர் சொன்ன புகார் இது: "தம்பி, காலையில போய் அமுக்குனா லைட்டு எரியும், ஃபேன் லேசா விர்ருங்கும், உடனே அணைஞ்சிரும். நாலஞ்சு தடவை அமுக்கணும். எந்திரிச்சிருச்சுன்னா அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் கிடையாது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஐப்பசி இடி மழைக்குப் பிறகு என்றார். பக்கத்து ஸ்டோரில் இடி இறங்கி டிவியும் மோடமும் கருகியதாம். அதன் பிறகு, சாயங்காலம் கிளம்பும்போது எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளிச் சேட்டன் சொல்லிவிட்டார். "அதுக்கு முன்னாடி ராத்திரியில சார்ஜர் மாட்டியே கிடக்குமாண்ணே?" "ஆமா, வருசக்கணக்கா அது சுவத்துலயேதான் தொங்கும்." "லேப்டாப்புக்கு இடி அடிச்சுச்சா?" "இல்ல தம்பி, அன்னைக்கு இது பையில இருந்துச்சு."

பவர் வராத லேப்டாப்பில் எதையும் அளப்பதற்கு முன் நான் பார்ப்பது, அது எதுவரை போய் நிற்கிறது என்பதை. இந்தக் கேஸில் முடிச்சு அவிழ்ந்ததே அதை வைத்துத்தான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அடாப்டரிலிருந்து வரும் 19.5 வோல்ட், ஜாக் வழியாகப் போர்டுக்குள் நுழைந்து, சுவிட்ச் போல வேலை செய்கிற இரண்டு மாஸ்ஃபெட்டுகளைத் தாண்டி முக்கிய லைனுக்கு வரும். அங்கிருந்து 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் உருவாகும். லேப்டாப் அணைந்திருக்கும்போதும் இவை இரண்டும் உயிரோடு இருக்கும். இவற்றில் ஓடுகிற சிறிய கட்டுப்பாட்டு சிப் ஒன்று, நாம் பித்தானை அமுக்குவதற்காகக் காத்திருக்கும். அமுக்கியதும் அது, போர்டின் மற்ற பாகங்களை ஒருங்கிணைக்கிற சிப்செட்டுக்குத் தகவல் சொல்லும். பிறகு ரேமுக்கு 1.5 வோல்ட், சிப்செட்டுக்கு 1.05 வோல்ட், கடைசியில் பிராசஸருக்கான வோல்ட்டேஜ் என்று வரிசையாக எழும். எல்லாம் சரி என்ற சிக்னல் வந்தால்தான் பிராசஸரின் ரீசெட் விலகி, லேப்டாப்பை எழுப்புகிற அடிப்படை மென்பொருளான பயாஸ் ஓடத் தொடங்கி, ரேமைச் சோதித்து, திரையில் லோகோ வரும்.

லைட்டே எரியவில்லை என்றால் சந்தேகம் பெரும்பாலும் அடாப்டர், ஜாக், முக்கிய லைன், இவற்றோடு நின்றுவிடும். ஃபேன் நிற்காமல் சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால் பவர் வரிசை பெரும்பாலும் முடிந்துவிட்டது, ரேம் பக்கம் பார்க்க வேண்டும். லோகோ வந்து நின்றால் அது ஹார்ட் டிஸ்க் அல்லது விண்டோஸ் கதை. பவர் கோளாறு என்று அதைச் சொல்லவே கூடாது. நம் ஆள் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. லைட் எரிகிறது, ஃபேனுக்கு ஒரு நொடி மின்சாரம் கிடைக்கிறது, அப்புறம் விழுந்துவிடுகிறது. பிராசஸர் முதல் மூச்சில் கேட்கிற கரண்ட்டை யாரோ கொடுக்க மறுக்கிறார்கள், அல்லது போர்டில் ஏதோ ஒரு லைன் ஷார்ட் ஆகி, பாதுகாப்பு சர்க்யூட் அணைக்கிறது. மேலே இருந்த கடைக்காரர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

ஷார்ட் என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஷார்ட் ஆன கப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகம்) மத்தியானத்துக்குள் தானாக ஆறாது. ஆனால் சிப்பைப் போர்டோடு ஒட்டுகிற, அதன் அடியிலுள்ள சால்டர் பந்துகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தால் குளிரில் விலகி, சூட்டில் ஒட்டும். அந்த வியாதியும் இதே புகாரோடுதான் வரும். அதனால் போர்டை நான் உடனே விடுதலை செய்யவில்லை.

முதல் வேலை டேட்டா. கம்பத்தில் நன்றாக ஓடுகிறதே என்று, டாலி கணக்கு, விவசாயிகளின் பச்சைக்காய் வரவுப் பட்டியல், ஜிஎஸ்டி கோப்புகள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எழுந்து நிற்கும்போது எடுத்துவிட வேண்டும். அடுத்த தடவை எழும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

அப்புறம் வழக்கமான எளிய வேலைகள். பேட்டரியைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பித்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தேன். போர்டில் தேங்கிய சார்ஜ் இறங்கிவிடும்; கட்டுப்பாட்டு சிப் குழம்பிப்போய் நின்ற பல லேப்டாப்புகள் இதிலேயே எழுந்துவிடும். இதில் பலனைச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் கம்பத்தில் இது முன்பும் எழுந்தது, பின்பும் எழுந்தது. ஜாக்கை ஆட்டிப் பார்த்தேன், உறுதி. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்தேன். புதிதாக 56 வாட் மணி கொள்ள வேண்டிய பேட்டரி இப்போது 6 வாட் மணிகூடக் கொள்ளவில்லை. இரவு முழுக்கக் கிடந்தால் காலையில் அதில் ஒன்றும் இருக்காது. கணக்கு அண்ணனிடம் கேட்டால், "அது செத்து ரெண்டு வருசம் ஆச்சு தம்பி" என்று சாதாரணமாகச் சொன்னார்.

வண்டன்மேட்டு மின்சாரத்தையும் விசாரித்தேன். ஸ்டோரில் மல்டிமீட்டர் உண்டு, மோட்டார் பார்க்க வைத்திருப்பது. காலையில் லேப்டாப் எழாத நேரத்தில் பிளக்கில் அளக்கச் சொன்னேன். 205 வோல்ட் இருந்தது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போட்ட பிறகு 180க்கு இறங்கியது. அந்த நேரத்திலும் லேப்டாப் நன்றாக ஓடுகிறது. அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருக்கிறதே, இந்த வோல்ட்டேஜ் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மலையில் எது பழுதானாலும் முதலில் திட்டு வாங்குவது மின்வாரியம்தான்; இந்த முறை அவர்கள் மேல் தப்பில்லை.

அடாப்டரின் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 19.6 வோல்ட் காட்டியது. "அடாப்டர் ஓகே" என்று எழுதி மூடுகிற இடம் இது. இரண்டு கடையிலும் இங்கேதான் மூடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்தச் சுமையும் இல்லாமல் அளந்த வோல்ட்டேஜ், அடாப்டர் முற்றிலும் செத்துவிடவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். மீட்டர் இழுக்கும் கரண்ட் கணக்கில் வராத அளவு. லேப்டாப் எழும் நொடியில் 2 ஆம்பியர் கேட்கும். அப்போது அந்த 19.6 நிற்குமா என்பதே கேள்வி.

அதனால் என்னிடம் உள்ள 10 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை அலுமினியத் தகட்டில் திருகி அடாப்டரோடு மாட்டினேன். 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். சிலர் இதற்கு வண்டி பல்பைப் பயன்படுத்துவார்கள். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது எரியும் நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நல்ல அடாப்டரும் பயந்து அணையும், நாம் அதன் தலையில் பழியைப் போட்டுவிடுவோம். ரெசிஸ்டரில் அந்த வம்பு இல்லை. சரி, முடிவு என்ன? 19.4 வோல்ட், அசையாமல் நின்றது. கம்பத்தில் என் அறையில் 30 டிகிரி சூடு. இந்த அறையில் அடாப்டர், போர்டு இரண்டுமே உத்தமர்கள்.

கம்பம் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் பக்கம். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு போனால் 1,000 மீட்டரைத் தாண்டிவிடும். மார்கழி, தை மாதத்தில் கணக்கு அண்ணன் காலையில் ஸ்டோரைத் திறக்கும்போது அறையில் ஸ்வெட்டர் போடுகிற குளிர். லேப்டாப்பை அவர் கீழே கொண்டுவரும்போதெல்லாம் அது ஜீப்பில் வந்து, வெயிலில் நடந்து, சூடான கடை மேசையில் உட்கார்ந்திருக்கிறது. கோளாறு மலையிலேயே தங்கிவிட்டது.

குளிர்தான் காரணம் என்றால், குளிர்ந்தது எது? லேப்டாப்பா, அடாப்டரா? இரண்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் குளிர்கின்றன. பிரித்துக் காட்டாதவரை போர்டு விரிசலா அடாப்டரா என்று சொல்ல முடியாது.

செலவில்லாத ஒரு சோதனையைப் போனில் சொன்னேன். "அண்ணே, நாளைக்குக் காலையில சார்ஜரை மட்டும் மாட்டுங்க. பித்தானைத் தொடாதீங்க. டீ குடிச்சிட்டு, அரை மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை அமுக்குங்க." மறுநாள் ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். "தம்பி, ஒரே அமுக்குல எந்திரிச்சிருச்சு!" நாலைந்து தடவை அமுக்கினால் எழுகிறது என்று அவர் நம்பியிருந்தது, நேரம் போனால் எழுகிறது என்று ஆகிவிட்டது. பிளக்கில் மாட்டிய அடாப்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் சூடாகும். அந்த அரை மணியில் அணைந்து கிடந்த லேப்டாப்பின் போர்டு கிட்டத்தட்ட அதே குளிரில்தான் இருந்திருக்கும். தராசு அடாப்டர் பக்கம் சாய்ந்தது, ஆனால் இது சாட்சி மட்டும், தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்கு ஃபிரிட்ஜ். அடாப்டரை மட்டும் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி, ஒயர்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, காய்கறித் தட்டில் இரவு முழுக்க வைத்தேன். லேப்டாப் மேசையிலேயே, அறைச் சூட்டில். காலையில் அடாப்டரைக் கவரோடு வெளியே எடுத்து மாட்டினேன். கவரைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த பொருள் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும், அது 230 வோல்ட் போகிற பொருள். கசிவு மின்சாரம் கண்டால் அணைகிற டிரிப்பர் உள்ள லைனில் மட்டுமே செய்தேன், வீட்டில் யாரும் இதை விளையாட்டாக முயல வேண்டாம்.

பித்தானை அமுக்கினேன். லைட் எரிந்தது. ஃபேன் விர்ரென்றது. அணைந்தது.

வண்டன்மேட்டுக் காலை கம்பத்து மேசைக்கு வந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி விழுந்தது. இந்தமுறை காதை அடாப்டர் பக்கம் வைத்துக் கேட்டேன். உள்ளே "டிக்... டிக்... டிக்" என்று நொடிக்கு ஒரு தடவை மெலிதாகச் சத்தம். அதன் முதுகிலுள்ள பச்சை லைட்டும் அதே தாளத்தில் மங்கி மங்கி எழுந்தது. ஸ்டோரில் ஃபேன் சத்தத்திலும் கிரேடிங் மெஷின் சத்தத்திலும் இது யாருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. லேப்டாப்பைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரை மாட்டினால், மீட்டர் முள் 5, 13, 7 என்று அலைந்தது. தலைமுடி காயவைக்கும் டிரையரால் கவருக்கு மேல் சில நிமிடம் சூடு காட்டினேன். டிக் சத்தம் நின்றது, 19.3இல் மீட்டர் உட்கார்ந்தது, லேப்டாப் எழுந்தது.

ஒரு எதிர்ச்சோதனையும் வேண்டும். நல்ல அடாப்டரும் குளிரில் இப்படித்தான் செய்யுமோ என்று யாராவது கேட்கலாம். என் மேசையிலுள்ள நல்ல அடாப்டரை அதே தட்டில் இரவு வைத்து அதேபோல் சோதித்தேன். குளிர்ந்தும் சலனமில்லை. அதே நல்ல அடாப்டரைக் கணக்கு அண்ணனிடம் கொடுத்து, லேப்டாப்போடு மேலே அனுப்பினேன். வண்டன்மேட்டுக் குளிரில் குளிர்ந்த போர்டு, நல்ல அடாப்டரில் முதல் அமுக்கில் எழுந்தது. சிப்புக்கு அடியில் விரிசல் என்ற சந்தேகம் இங்கே முடிந்தது. அடாப்டரை மட்டும் குளிரவைத்தால் கோளாறு வருகிறது, லேப்டாப் மட்டும் குளிர்ந்தால் வரவில்லை. இனி போர்டைத் தொட வேண்டிய அவசியமில்லை.

அடாப்டரின் மூடி திருகு இல்லாமல் பசையால் ஒட்டியது. வைஸில் லேசாக இறுக்கினால் இணைப்பு விரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட்டை நேர் மின்சாரமாக (டிசி) மாற்றினால் உள்ளிருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல் போக வேண்டும்.

உள்ளே எதுவும் கருகவில்லை, உப்பவுமில்லை. உப்பின கப்பாசிட்டரைத் தேடுகிறவர் இங்கே ஏமாந்துவிடுவார். குற்றவாளி பெரியவர்களில் ஒருவரல்ல. கட்டுப்பாட்டு ஐசிக்குப் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்கும் சூடு தணிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டிருந்த சுண்டுவிரல் நகம் அளவு கப்பாசிட்டர் அது. மேலே கொள்ளளவு 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று போட்டிருந்தது. கழற்றி மீட்டரில் வைத்தால் 9 காட்டியது, உள்மின்தடையோ எக்கச்சக்கம். வெளியீட்டுப் பக்கம் இருந்த 680 மைக்ரோஃபாரட் இரண்டில் ஒன்றும் 400க்கு இறங்கியிருந்தது, ஆனால் அது துணைக் குற்றவாளிதான்.

அந்தச் சின்னக் கப்பாசிட்டரின் வேலை என்னவென்றால், அடாப்டரை நடத்துகிற ஐசிக்கு மின்சாரம் வைத்துக் கொடுப்பது. பிளக் மாட்டியதும் 325 வோல்ட்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக இந்தக் கப்பாசிட்டர் நிரம்பும். ஒரு அளவுக்கு வந்ததும் ஐசி ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கிய பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு துணைச் சுற்று ஐசிக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். துணைச் சுற்றின் மின்சாரம் சமப்படும்வரை, திடீர்ச் சுமை வந்து அது தடுமாறும்போதும், வீட்டு மேல் தொட்டியைப் போல இந்தக் கப்பாசிட்டர்தான் ஈடுகொடுக்க வேண்டும். தொட்டி சுருங்கிவிட்டால், லேப்டாப் 2 ஆம்பியர் இழுத்த மாத்திரத்தில் ஐசியின் மின்சாரம் விழும், ஐசி அணையும், மறுபடி சொட்டுச் சொட்டாக நிரம்பும், மறுபடி எழும். டிக், டிக்.

இதில் குளிர் எப்படி நுழைகிறது? இந்த வகைக் கப்பாசிட்டருக்குள் இருப்பது திரவம். குளிரில் திரவம் தடித்து, அயனிகள் நகர்வது கடினமாகிறது. மின்தடை ஏறும், கொள்ளளவு இறங்கும். புதிய கப்பாசிட்டருக்கு அந்த இழப்பைத் தாங்கும் கையிருப்பு உண்டு. காய்ந்து போனதற்கு இல்லை.

அது ஏன் காய்ந்தது என்பதற்குத்தான் நான் ஸ்டோருக்கே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஏலக்காயை 50 டிகிரி சுற்றிச் சூட்டில் ஒரு பகல், ஓரிரவு வைத்து உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் வரும். மீதி அத்தனையும் ஆவியாகிப் போக வேண்டும். உலர் அறையின் சுவருக்கு இந்தப் பக்கம்தான் கணக்கு மேசை. அந்தச் சுவரில்தான் பிளக், ஆணியில் அடாப்டர். சீசனில் சுவர் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இல்லை, சுடுகிறது. கப்பாசிட்டரில் 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று ஆயுள் சொல்வார்கள். ஒவ்வொரு 10 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரண்டு மடங்கு என்பது தொழிலில் உள்ள நடைமுறைக் கணக்கு. அடாப்டருக்குள் 65 டிகிரி என்று வைத்தால் 16 மடங்கு, 32,000 மணி. இரவு பகலாக மாட்டிக் கிடந்தால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். சுவர்ச் சூட்டில் இன்னும் 10 டிகிரி ஏறினால் அதுவும் பாதி. இந்த அடாப்டர் ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கியதாம். அது இவ்வளவு நாள் இருந்ததே அதிகம்.

உலர் அறைச் சூடுதான் அதைக் கொன்றது, அதே சூடுதான் அது செத்ததை மறைத்தும் வைத்தது. இரவு பகல் மாட்டிய அடாப்டர் ஒருபோதும் குளிரவில்லை. குளிர்ந்த நிலையில் புதிதாகத் தொடங்க வேண்டிய தேவையும் வரவில்லை. பேட்டரியும் கொஞ்சம் உயிரோடிருந்த காலத்தில், அடாப்டர் தடுமாறிய நொடியை அது மூடி மறைத்திருக்கும். ஐப்பசியில் பிளக்கைக் கழற்றத் தொடங்கியதும் இரவில் அடாப்டர் குளிர்ந்தது, காலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, பின்னால் தாங்கப் பேட்டரியும் இல்லை. கழற்றியதால் கெட்டுப்போயிற்று என்று முதலாளிச் சேட்டன் நினைத்துக்கொண்டிருந்தார். கழற்றுவதை நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் அழுத்திச் சொன்னேன். துலாவர்ஷ (ஐப்பசி மழை) இடி இறங்கினால் எந்த அடாப்டரும், அதன் பின்னால் உள்ள போர்டும், அதோடு முடிந்தது.

அடாப்டரை நான் திறந்தது காரணம் தெரிந்துகொள்ள. கப்பாசிட்டர்கள் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும், மாற்றிப் போட்டேன், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தும் எழுந்தது. ஆனாலும் அதை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மூடியைப் பிளந்து பசையால் ஒட்டிய 230 வோல்ட் பொருளை, மர அலமாரியும் சாக்கும் உள்ள அறையில் தொங்கவிட எனக்கு மனசில்லை. புது அடாப்டர் வாங்கச் சொன்னேன். வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன்: 19.5 வோல்ட், வாட் 90க்குக் குறையக் கூடாது, முதுகில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். மாட்டியதும் லேப்டாப் அடாப்டரை அடையாளம் காண்கிறதா என்று பயாஸில் பார்த்தேன். முன்னே சொன்ன நடு ஊசியின் வேலை இதுதான். மலிவு அடாப்டர்களில் ஊசி பேருக்கு இருக்கும், பேசாது. லேப்டாப் எழும், ஆனால் பேட்டரி சார்ஜ் ஏறாது, பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று புலம்புகிற சிலரின் மேசையில் நான் முதலில் தேடுவது அந்த அடாப்டரைத்தான்.

புது அடாப்டர் போட்ட பிறகு சில நாள் நிம்மதி. அப்புறம் ஒரு காலை போன் வந்தது. "தம்பி, திரும்ப எந்திரிக்கலை." எதுவரை வருகிறது என்று கேட்டேன். "ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கு, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு, கீபோர்டுல ஒரு லைட்டு மின்னுது." பழைய நோய் என்றால் ஒரு நொடியில் அணைந்திருக்கும். இது நிற்காமல் ஓடுகிறது. அவர் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஆனால் இது வேறு ஆள்.

மின்னுகிற லைட்டின் தாளம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்தால் மெமரி என்று வந்தது. ரேம் இரண்டையும் கழற்றினேன். அவற்றின் இணைப்புத் தகடுகள் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம், வெள்ளைத் துணியில் தேய்த்தால் பழுப்பாக வந்தது. உலர் அறைக்கு விறகு எரிக்கும் ஸ்டோர், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிற ஊர். புகையும் ஈரமும் எங்கே போகும்? பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மாற்றி மாட்டினேன். ஃபேனுக்கு முன்னால் ஏலக்காய்த் தொலித் தூளும் பஞ்சும் சேர்ந்து மெத்தை போட்டிருந்தது, அதையும் எடுத்தேன். அடாப்டர் தினமும் நாலைந்து முறை அடித்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்த ரேம் கோளாறும் நடுவில் வந்து போயிருக்கும், எல்லாம் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே நேரம் தேதியும் பார்த்தேன். கணக்கு அண்ணன் வேறொரு புகாரைத் தனியாக வைத்திருந்தார்: சில காலைகளில் ஜிஎஸ்டி தளம், பேங்க் தளம், புற்றடியில் நடக்கும் ஏலக்காய் மின்னேலத்தின் விலை பார்க்கும் பக்கம், எதுவும் திறக்காது, பாதுகாப்பற்றது என்று சொல்லும். நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். லேப்டாப்பின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றால் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. போர்டிலுள்ள சிஆர்2032 நாணய பேட்டரி 3 வோல்ட் இருக்க வேண்டியது, 2.2 காட்டியது. சார்ஜர் எப்போதும் மாட்டியிருந்த காலத்தில் கடிகாரத்துக்கு அந்த நாணயத்தின் தயவு தேவைப்படவில்லை. இரவில் பிளக்கும் இல்லை, பெரிய பேட்டரியும் செத்தது என்றானதும் எல்லாப் பாரமும் அதன் தலையில் விழுந்தது. பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரி, மாற்றியாயிற்று.

பெரிய பேட்டரி இன்னும் வாங்கவில்லை. சீசன் கூலி பட்டுவாடா முடியட்டும் என்கிறார்கள். அதுவரை பழைய பேட்டரியைப் பின்னால் மாட்டியே வைக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்று கழற்றி வாங்கிவைத்துக்கொண்டேன். செத்த லித்தியம் செல்களைச் சூடான இடத்தில் வைத்திருப்பது ஆபத்து. பேட்டரி இல்லாததால், மலையில் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் லேப்டாப் பொட்டென்று அணையும். அதற்கு ஸ்டோரின் பழைய டெஸ்க்டாப்பிலிருந்த யுபிஎஸ்ஸைத் தூசி தட்டி, புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறார். கணக்கு மேசையையும் உலர் அறைச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்தியாகிவிட்டது. அங்கே பிளக் பாயிண்ட் இல்லை. எலக்ட்ரீசியன் கம்பம்மெட்டு ஏறி வரும் வரைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓடுகிறது.